ஒரே மாதிரி தெரியும் நாலு க்ரீமில் எது உங்கள் சுவருக்கு? வீட்டு உள்சுவர் நிறங்களை ஒப்பிட முழுமையான வழிகாட்டி

வெள்ளையா நீலமா என்று கேட்டால் வீட்டில் எல்லோரிடமும் பதில் இருக்கும். சிக்கல் அதற்கு அடுத்த கட்டத்தில்தான் வருகிறது. க்ரீம் என்று முடிவாகிவிட்டது, சரி, எந்த க்ரீம்? பெயிண்ட் கடையில் ஷேடு கார்டை விரித்தால் ஹாஃப் ஒயிட், ஐவரி, சந்தனம் என்று ஒரு பக்கம் முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே நிறம்தான். நாலைந்தைத் தொட்டுக் காட்டிவிட்டு நிமிர்ந்தால், பெயிண்டர் "எல்லாம் ஒண்ணுதாங்க சார், செவுத்துல ஏறிட்டா வித்தியாசமே தெரியாது" என்பார்.

தெரியும். கார்டில் கண்ணுக்குப் படாத வித்தியாசம் சுவரில் ஏறியதும் நன்றாகவே தெரியும். ஒரு அங்குலத் துண்டில் லேசாக இருக்கும் மஞ்சள் நாலு சுவரிலும் பரவி, ஒரு சுவரில் பட்ட வெளிச்சம் எதிர்ச் சுவரில் பட்டு மறுபடி திரும்பும்போது அந்த மஞ்சள் இன்னும் கூடுகிறது. பெரிய பரப்பில் எந்த நிறமும் கண்ணுக்கு ஒரு படி அழுத்தமாகத்தான் தெரியும். அதனால் ஒப்பிடும் வேலையை அடிப்பதற்கு முன்பே, உங்கள் அறையிலேயே, கொஞ்சம் பொறுமையாகச் செய்ய வேண்டும்.

இதில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. இந்த இரண்டு நிறத்துக்கும் நடுவில் என்ன வித்தியாசம் என்பது ஒன்று. நான் இந்த அறையில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் எது கண்ணுக்கு இதமாக இருக்கும் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு இரண்டையும் ஒட்டி வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டாவதற்கு ஒன்றை மறைத்துவிட்டு மற்றதைத் தனியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அடித்து முடித்தபின் பக்கத்தில் ஒப்பிட வேறு நிறம் இருக்கப் போவதில்லை. பெரும்பாலானவர்கள் முதல் கேள்வியை மட்டும், அதுவும் கடையின் டியூப் லைட்டுக்குக் கீழே நின்று முடித்துவிட்டு வந்துவிடுகிறார்கள். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்த இரண்டையும் பிரித்துச் செய்வதற்குத்தான்.

அறையில் மாறாதது எது?

ஷேடு கார்டைத் தொடும் முன் அறைக்குள் போய் நில்லுங்கள். பெயிண்ட் மாறும், ஆனால் தரை மாறாது, கதவு மாறாது, அலமாரி லேமினேட் இன்னும் பத்து வருஷத்துக்கு மாறாது. நிறம் இவற்றோடுதான் வாழப் போகிறது.

தரைதான் முதலில். கிருஷ்ணகிரி மாவட்டம் கிரானைட் ஊர், இங்கே கல் நியாயமாகக் கிடைப்பதால் ஹாலுக்கே கிரானைட் போடுகிறவர்கள் நிறையப் பேர். பாரடைசோ மாதிரி ரோஸும் சாம்பலும் ஓடும் கல் என்றால் அது சுவரின் கீழ்ப் பாதிக்கு ஒரு ஊதா கலந்த ரோஸ் சாயலைக் கொடுக்கும், பச்சை கலந்த க்ரீம் அதன் பக்கத்தில் நோய் பிடித்த மாதிரி நிற்கும். பழைய தார்சு வீட்டில் சிவப்பு ஆக்சைடு தரை இருந்தால் பகல் பூராவும் கீழிருந்து ஒரு செம்மை மேலே எழும். வெட்ரிஃபைடு டைல்ஸ் போட்ட வீடுகளில் டைல்ஸ் வெறும் "க்ரீம் டைல்ஸ்" என்று நினைத்துவிடக் கூடாது, அது மஞ்சள் பக்கமா, ரோஸ் பக்கமா, சாம்பல் பக்கமா என்று ஒரு வெள்ளைத் தாளை அதன்மேல் வைத்துப் பார்த்தால் உடனே பிடிபட்டுவிடும்.

அடுத்து ஜன்னலுக்கு வெளியே பாருங்கள். இதைத்தான் யாரும் செய்வதில்லை. மாந்தோப்பை ஒட்டிய வீடு என்றால் உள்ளே வரும் வெளிச்சத்தில் பாதி இலையில் பட்டு வருகிற பச்சை. போர்டிகோவுக்கு நீல ஷீட்டோ பச்சை வலையோ போட்டிருந்தால் முன்னறைக்குள் வருவது நீல வெளிச்சம், பச்சை வெளிச்சம்தான், அங்கே எந்த ஹாஃப் ஒயிட்டும் ஹாஃப் ஒயிட்டாக இருக்காது. டவுனுக்குள் வரிசை வீடு என்றால் மூன்றடி சந்துக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுச் சுவர் இருக்கும். நம்ம ஊரில் வெளிச்சுவருக்குக் கிளிப்பச்சை, ஆரஞ்சு, வயலட் எல்லாம் தைரியமாக அடிப்பார்கள், அது பத்து மணி வெயிலில் உங்கள் படுக்கையறைக்குள் வந்து உங்கள் சுவரில் உட்கார்ந்துகொள்ளும். அந்த வீட்டுக்காரர் நிறத்தை நாம் மாற்ற முடியாது, ஆனால் அதைக் கணக்கில் எடுக்கலாம். வெளியே பச்சை அதிகம் என்றால் கொஞ்சம் சிவப்புச் சாயல் உள்ள க்ரீம் அதைச் சமன் செய்யும், வெளியே ஆரஞ்சு என்றால் மஞ்சள் குறைந்த ஹாஃப் ஒயிட் பக்கம் போகலாம்.

வெயில் எந்தப் பக்கம் இருந்து, எந்த மாசத்தில்?

வடக்கு பார்த்த அறைக்கு வருஷம் பூராவும் குளிர்ந்த நீல வெளிச்சம், தெற்கு பார்த்த அறைக்கு எப்போதும் வெயில் என்று இணையத்தில் திரும்பத் திரும்பப் படிப்பீர்கள். அது ஐரோப்பா, அமெரிக்கா கணக்கு. தர்மபுரி பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 12 பாகையில் இருக்கிறது, கிருஷ்ணகிரி அதற்குச் சற்று மேலே. சித்திரை பத்து வாக்கில் உச்சி வெயில் நம் தலைக்கு நேர் மேலே வந்து, அதற்குப் பிறகு ஆவணி முதல் வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது. வைகாசி, ஆனியில் வடக்கு ஜன்னலில் காலையிலும் சாயங்காலத்திலும் வெயில் சாய்வாக உள்ளே விழும், தெற்கு ஜன்னலுக்கு நேர் வெயிலே கிடையாது. மார்கழியில் எல்லாம் தலைகீழ்: சூரியன் தெற்கே தாழ்ந்து போய், தெற்கு ஜன்னல் வழியாக வெயில் தரையில் நீளமாகக் கிடக்கும், வடக்கு அறையில் வானத்து வெளிச்சம் மட்டும்.

இது ஏன் முக்கியம் என்றால், நாம் பெரும்பாலும் பெயிண்ட் அடிப்பது பொங்கலுக்கு முன்னால். மார்கழியில் நின்று நிறம் தேர்ந்தெடுக்கிறோம். வடக்கு அறையில் அப்போது எல்லாமே கொஞ்சம் வெளிறி, நீலம் ஏறித் தெரியும், அதைச் சரிக்கட்ட நினைத்து ஒரு படி மஞ்சள் கூடிய க்ரீமை எடுத்துவிடுவார்கள், வைகாசி சாயங்காலத்தில் அதே சுவர் எலுமிச்சை நிறத்தில் தெரியும். மார்கழியில் தேர்ந்தெடுத்தால், வடக்கு அறைக்கு உங்களுக்குப் பிடித்ததைவிட ஒரு படி மஞ்சள் குறைந்ததை எடுங்கள் என்பது என் கருத்து. தெற்கு அறைக்கு இதையே திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்: மார்கழி வெயிலில் தங்கமாகத் தெரியும் சுவர் ஆனியில் மங்கும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மேகமூட்டமான காலைகள் அதிகம் என்பதால் அங்கே சாம்பல் நிறங்கள் இன்னும் சோர்வாகத் தெரியும், அரூர் பக்கத்து வெயிலுக்கு அதே சாம்பல் நன்றாக இருக்கும்.

கிழக்கு, மேற்கு அறைகளில் இந்தப் பிரச்சினை குறைவு. கிழக்கில் காலை மஞ்சள், மதியத்துக்கு மேல் நீலம். மேற்கில் நாலு மணியில் இருந்து ஆறு மணி வரை எல்லாச் சுவரும் ஆரஞ்சு, பீச் நிறங்கள் அங்கே கொதிக்கும்.

பல்பை முதலில் மாட்டுங்கள்

நிறம் பார்த்து முடித்தபின் லைட் மாற்றுவது எல்லா வேலையையும் வீணாக்கும். எல்இடி பல்பு பெட்டியில் கெல்வின் கணக்கு போட்டிருக்கும்: 2700, 3000 என்றால் மஞ்சள் வெளிச்சம், 4000 நடுத்தரம், 6500 நம் வீடுகளில் வழக்கமாக இருக்கும் பளீர் வெள்ளை. மஞ்சள் வெளிச்சத்தில் க்ரீம் இன்னும் மஞ்சளாகும், நீலமும் சாம்பலும் செத்துப் போகும். பளீர் வெள்ளையில் க்ரீம் வெளிறும், ரோஸ் சாயல் கொஞ்சம் ஊதாவாக மாறும், பச்சை கலந்த மஞ்சள் இன்னும் பச்சையாகும். பெட்டியில் சிஆர்ஐ என்று ஒரு எண் இருந்தால் அதையும் பாருங்கள், 100-க்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவுக்கு நிறங்கள் உண்மையாகத் தெரியும். 80-க்குக் கீழே உள்ள மலிவு பல்பில் நெருங்கிய நிறங்களை ஒப்பிடவே முடியாது.

இரண்டு நிறம் ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகவும் இன்னொரு வெளிச்சத்தில் வேறாகவும் தெரிவது கண்ணின் மயக்கம் கிடையாது. உள்ளே போட்டிருக்கும் நிறமிகள் வேறு வேறாக இருந்தால் அப்படித்தான் ஆகும். வேறு வேறு கம்பெனி பெயிண்டுகளில் இது அடிக்கடி நடக்கும். பர்கூர் ஜவுளிக் கடைகளில் புடவை எடுக்கும் அம்மாக்கள் முந்தானையைப் பிடித்து வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டு போய்ப் பார்ப்பார்களே, அதே காரணம்தான்.

கார்டை வைத்து ஆறு நிறங்களை மூன்றாகக் குறைப்பது

கார்டு முடிவெடுக்க உதவாது, ஆனால் கழித்துக்கட்ட நன்றாக உதவும். கடையில் கேட்டால் ஷேடு கார்டு கொடுப்பார்கள், புதிதாகக் கேளுங்கள், கவுண்டரில் வருஷக்கணக்காக வெயில் பட்டுக் கிடந்த கார்டின் நிறம் மாறியிருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில், நேர் வெயில் படாத இடத்தில், ஒரு ஏ4 வெள்ளைத் தாள்மேல் வையுங்கள். சுத்த வெள்ளை பக்கத்தில் இருந்தால்தான் ஒவ்வொரு ஹாஃப் ஒயிட்டும் தன் சாயலைக் காட்டும். ஒன்று மஞ்சள் பக்கம் சாயும், ஒன்று ரோஸ் பக்கம், ஒன்று சாம்பல் அல்லது பச்சைப் பக்கம்.

அப்படியும் தெரியவில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. கார்டில் ஒரே வரிசையில் லேசான நிறத்தில் இருந்து அழுத்தமான நிறம் வரை அடுக்கியிருப்பார்கள். நீங்கள் பார்க்கும் லேசான நிறத்தின் அதே வரிசையில் கடைசியில் இருக்கும் அழுத்தமான நிறத்தைப் பாருங்கள். அது கடுகு நிறமாக இருந்தால் மேலே உள்ள ஹாஃப் ஒயிட்டுக்குள்ளும் கடுகுதான் ஒளிந்திருக்கிறது. செங்கல் நிறமாக இருந்தால் ரோஸ். களிமண் பச்சையாக இருந்தால் அந்தப் பச்சை என்றைக்காவது ஒருநாள் மழை மேகத்தில் வெளியே வரும். இந்த ஒரு சோதனையிலேயே பாதி நிறங்கள் கழிந்துவிடும்.

அப்புறம் வெளிச்சம் திருப்பும் அளவு. எல்ஆர்வி என்று ஒரு எண்ணைச் சில கம்பெனிகள் கார்டிலோ இணையதளத்திலோ கொடுத்திருப்பார்கள். 0 என்றால் முழுக் கருப்பு, 100 என்றால் முழு வெள்ளை. இரண்டு நிறத்துக்கும் சாயல் ஒன்றாக இருந்து இந்த எண்ணில் இரண்டு மூன்று மட்டும் வித்தியாசம் என்றால் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம், தனித்தனியாகப் பார்த்தால் உங்களால் கண்டுபிடிக்க முடியாது, ஏதாவது ஒன்றை எடுங்கள். பத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் ஜன்னல் குறைந்த அறையில் அது பகலிலேயே லைட் போட வேண்டுமா வேண்டாமா என்கிற அளவுக்குப் போகும். எண் கிடைக்காவிட்டால் இரண்டு துண்டுகளையும் ஒட்டி வைத்து ஒரே படமாக மொபைலில் எடுத்து, அதைக் கருப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் வெளிச்சத்தில் வித்தியாசம் இல்லை, சாயலில் மட்டும்தான். மொபைல் படத்தை இதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். நிறத்தை ஒப்பிட அது உதவாது, கேமரா ஒவ்வொரு படத்துக்கும் வெள்ளையைத் தானாக மாற்றிக்கொள்ளும், காலையில் எடுத்ததையும் ராத்திரி எடுத்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை.

சாம்பிள் அடிப்பது: அட்டையிலும் சுவரிலும்

மூன்று நிறம் தேறிவிட்டால் ஒவ்வொன்றிலும் கிடைக்கும் சின்ன டின்னை வாங்குங்கள். வீடு பூராவும் அடித்துவிட்டு வருத்தப்படுவதற்கு அந்தச் சில நூறு ரூபாய் எவ்வளவோ மேல், மிஞ்சியதை ஸ்டோர் ரூமுக்கோ அலமாரி உள்ளேயோ அடிக்கலாம். எந்த வகை பெயிண்ட் கடைசியில் அடிக்கப் போகிறீர்களோ அதே வகையில் சாம்பிள் வாங்க வேண்டும், விலை குறைந்த எமல்ஷனில் சாம்பிள் பார்த்துவிட்டு விலை கூடிய, லேசாகப் பளபளக்கும் ஷீன் பெயிண்டை அடித்தால் அதே கோடு எண்ணாக (ஷேடு கார்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் போட்டிருக்கும் எண்) இருந்தாலும் சுவர் வேறு மாதிரி தெரியும்.

ஸ்டேஷனரிக் கடையில் கெட்டியான வெள்ளை சார்ட் அட்டை வாங்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு அட்டை. இரண்டு கோட்டு, அதாவது இரண்டு தடவை, நடுவில் நன்றாகக் காயவிட்டு, சின்ன ரோலரில் அடியுங்கள், பிரஷ் கோடு வெளிச்சத்தைச் சிதறடிக்கும். ஓரத்தில் இரண்டு அங்குலம் வெள்ளை விட்டுவிடுங்கள், பழைய சுவரின் நிறம் கண்ணைக் குழப்பாது. பின்பக்கம் கோடு எண்ணை எழுதுங்கள், முன்பக்கம் எழுதினால் பேரைப் பார்த்து மனசு சாயும். எமல்ஷன் ஈரத்தில் கொஞ்சம் வெளிறித் தெரிந்து காய்ந்ததும் ஒரு படி அழுத்தமாகும், அதனால் அன்றைக்கே முடிவு சொல்லாதீர்கள். (சுண்ணாம்பு இதற்கு நேர் எதிர், காயக் காயத்தான் வெளுக்கும், வெள்ளை அடித்துப் பழகிய வீட்டுப் பெரியவர்கள் அந்த ஞாபகத்தில் "காஞ்சா வெளுத்துடும்" என்பார்கள்.)

அட்டையின் நன்மை, அதைத் தூக்கிக்கொண்டு நடக்கலாம். ஜன்னலுக்கு எதிர்ச் சுவர், ஜன்னல் இருக்கும் அதே சுவர், கதவுக்குப் பின்னால் இருக்கும் இருட்டு மூலை, சோபாவுக்குப் பின்னால், தரையை ஒட்டி என்று எல்லா இடத்திலும் வைத்துப் பாருங்கள். எப்போதும் நிமிர்த்தி, சுவரோடு சேர்த்து வையுங்கள். தரையில் படுக்கப் போட்டால் மேலிருந்து விழும் வெளிச்சத்தில் எல்லாமே ஒரு படி பளிச்சென்று தெரியும்.

காவேரிப்பட்டினத்தில் அக்கா வீட்டு ஹாலுக்கு இப்படித்தான் செய்தோம். டைல்ஸ் லேசான ரோஸ் சாயல் உள்ள பீஜ். கடைசியில் நின்றது இரண்டு க்ரீம், கார்டில் இரண்டையும் மாற்றி வைத்தால் யாருக்கும் தெரியாது. கடையில் எல்லோருக்கும் பிடித்தது மஞ்சள் பக்கம் சாய்ந்தது, கொஞ்சம் பளிச்சென்று இருந்தது. இரண்டு அட்டையையும் ஸ்கர்ட்டிங்குக்கு (சுவரின் அடியில் ஓடும் டைல்ஸ் பட்டை) மேலே சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, "மாமா, கொஞ்சம் தள்ளி நின்னு தரையையும் சேர்த்துப் பாருங்க" என்றேன். மாமா வாசக்கால் வரை பின்னால் போய் நின்று பார்த்தார். மஞ்சள் க்ரீம் அந்த டைல்ஸுக்கு மேலே பழைய எனாமல் மாதிரி, துடைக்காமல் விட்ட சுவர் மாதிரி நின்றது. இன்னொன்று தரையோடு சேர்ந்து போய்விட்டது, அங்கே ஒரு அட்டை இருப்பதே கொஞ்ச நேரம் கண்ணில் படவில்லை. "இது அழுக்கா இருக்கேடா" என்றார் மாமா, அவ்வளவுதான், அதற்குமேல் பேச்சே இல்லை.

அட்டையில் ஒன்றோ இரண்டோ தேறியதும் சுவரில் அடித்துப் பாருங்கள். இரண்டடிக்கு இரண்டடி குறையாமல், வெளிச்சம் அதிகம் விழும் சுவரில் ஒன்று, குறைவாக விழும் சுவரில் ஒன்று. பட்டி பார்த்து உப்புத்தாள் போட்டு பிரைமர் அடித்த இடமாக இருக்க வேண்டும். பழைய நீலத்தின்மேல் நேராக ஒரு கோட்டு க்ரீம் அடித்துப் பார்த்தால் நீங்கள் பார்ப்பது நீலமும் க்ரீமும் சேர்ந்த ஒரு மூன்றாவது நிறம். சாம்பிள் விளிம்பை நன்றாக இழுத்து மெல்லியதாக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பிறகு அடிக்கும் பெயிண்டுக்குக் கீழே சதுரம் மேடாகத் தெரியும்.

எப்போது பார்ப்பது, யார் பார்ப்பது

ஒரு நேரத்தில் இரண்டு நிறம் மட்டும். மூன்றையும் ஒன்றாக வைத்தால் நடுவில் இருப்பது பக்கத்தில் உள்ளவற்றால் மாறித் தெரியும். முதல் இரண்டில் ஜெயித்ததை மூன்றாவதோடு வையுங்கள். முதலில் ஒட்டி வைத்து என்ன வித்தியாசம் என்று ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள், "இது ரோஸ், அது மஞ்சள்", "இது இருட்டு" என்பதுபோல. பிறகு ஒன்றை எடுத்து வேறு அறையில் வைத்துவிட்டு மற்றதோடு மட்டும் அரை நாள் இருங்கள். அடுத்த நாள் மாற்றுங்கள். ஒட்டி வைத்தபோது தோற்ற நிறம் தனியாக இருக்கும்போது ஜெயிப்பது சகஜம், குறிப்பாக ஹாஃப் ஒயிட்டுகளில்: பக்கத்தில் பளிச்சென்று ஒன்று இருந்ததால் மட்டும் அது மங்கலாகத் தெரிந்திருக்கும். இரண்டு முடிவும் மோதினால் தனியாகப் பார்த்ததற்கே ஓட்டுப் போடுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, அந்த அறையில் ஆள் இருக்கும் நேரம்தான் முக்கியம். படுக்கையறை என்றால் காலை ஆறு மணியும் ராத்திரி லைட்டும் போதும், மதியம் பன்னிரண்டு மணிக்கு அங்கே எப்படித் தெரிந்தால் என்ன? ஹால் என்றால் காலை, உச்சி, சாயங்காலம், ராத்திரி நாலும் பாருங்கள், மேகம் போட்ட ஒரு நாளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் எந்த லைட் எரியுமோ அதிலும் ஒரு பார்வை.

பார்க்கும் முன் வெளியே வெயிலில் இருந்து வந்திருந்தால் இரண்டு மூன்று நிமிஷம் அறைக்குள் உட்காருங்கள், கண் பழக வேண்டும். அடர் சிவப்புச் சட்டையோ புடவையோ கட்டிக்கொண்டு அட்டைக்குப் பக்கத்தில் நின்றால் அந்தச் சிவப்பு அட்டையில் விழும். முறைத்துப் பார்க்க வேண்டாம், உற்றுப் பார்க்கப் பார்க்கக் கண் அந்த நிறத்துக்குப் பழகி வித்தியாசத்தை அழித்துவிடும். திரும்பி நின்று, சட்டென்று பார்த்து, முதல் எண்ணத்தை எழுதுங்கள்.

வீட்டில் இரண்டு பேருக்கு இரண்டு மாதிரி தெரிந்தால் அது பிடிவாதம் என்று சண்டை போட வேண்டாம். ஆண்களில் சிலருக்குச் சிவப்பு பச்சை வேறுபாடு பிறவியிலேயே சரியாகத் தெரியாது, பெண்களில் இது மிகக் குறைவு, ரோஸ் க்ரீமா பச்சை க்ரீமா என்பது அவர்களுக்கு உண்மையிலேயே ஒன்றுதான். வயதாக ஆகக் கண் லென்ஸ் மஞ்சளிக்கும், வெளிச்சமும் குறைவாக உள்ளே போகும், அப்பா அம்மா இருக்கும் அறைக்கு அவர்கள் கண்ணுக்கு எது தெளிவாக இருக்கிறதோ அதை எடுங்கள், நம் கண்ணுக்கு அல்ல. அவர்களுக்கு எல்ஆர்வி கூடியதே நல்லது.

நிறக் குடும்பம் வாரியாகச் சில வார்த்தை

ஹாஃப் ஒயிட், க்ரீம்: சீலிங்கோடு சேர்த்துப் பாருங்கள். சீலிங் பளீர் வெள்ளை என்றால் எவ்வளவு லேசான க்ரீமும் மஞ்சளாகத் தெரியும், அது பிடிக்கவில்லை என்றால் சுவரை மாற்றுவதற்குப் பதில் சீலிங்குக்கும் அதே குடும்பத்தில் ரொம்ப லேசான ஒன்றை அடித்தால் போதும். கதவு, ஜன்னலுக்கு அடித்த வெள்ளை எனாமல் வருஷம் போகப் போக மஞ்சளிக்கும், வெளிச்சம் படாத இடத்தில் இன்னும் சீக்கிரமாக. பழைய எனாமலுக்குப் பொருத்தமாக இன்றைக்கு க்ரீம் தேடினால், நாளைக்கு எனாமலை மறுபடி அடிக்கும்போது இரண்டும் பிரிந்துவிடும். அதனால் எனாமலையும் இப்போதே அடிப்பதாக வைத்துத் தேர்ந்தெடுங்கள்.

சுத்த வெள்ளைக்கும் நீலம் கலந்த வெள்ளைக்கும் நடுவே தடுமாறுகிறவர்கள் நம்ம ஊர்ச் செம்மண்ணை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். நெடுஞ்சாலை ஓரத்திலோ தோட்டத்துக்குள்ளோ வீடு இருந்தால் மாசி, பங்குனியில் சுவரின் கீழ்ப் பகுதியிலும் ஸ்விட்ச் போர்டைச் சுற்றியும் செம்மண் புழுதி படியும். நீல வெள்ளையில் அது கறையாகத் தெரியும், கொஞ்சம் சிவப்போ மஞ்சளோ சாய்ந்த வெள்ளையில் கலந்துபோகும். வெளிச்சமும் கிட்டத்தட்ட அதே அளவு கிடைக்கும். எனக்கு இதில் சந்தேகமே கிடையாது, மஞ்சள் சாய்ந்த வெள்ளைதான்.

சாம்பல் நிறங்கள்தான் அதிகம் ஏமாற்றும். சுத்தச் சாம்பல் என்று கார்டில் அநேகமாகக் கிடையாது, பெரும்பாலும் நீலம், ஊதா, பச்சை, பழுப்பு ஏதோ ஒன்றின் பக்கம் சாய்ந்தவை, சுவரில் ஏறியதும் அந்தச் சாய்வுதான் முதலில் கண்ணில் படும். லைட் கிரே கேட்ட வீடு ஊதா வீடாக மாறுவது இப்படித்தான். சாம்பலை ஒப்பிடும்போது இரண்டு சாம்பலைவிட ஒரு சாம்பலையும் ஒரு க்ரீமையும் சேர்த்து வைத்தால் சாய்வு சீக்கிரம் வெளிப்படும்.

பிஸ்தா, லேசான நீலம்: கார்டில் பிடித்ததைவிட ஒன்றிரண்டு படி லேசானதை எடுங்கள். இவை பெரிய பரப்பில் ரொம்பவே கூடும்.

பீச், சந்தனம்: மஞ்சள் பல்போடு பாருங்கள், மேற்கு அறைக்கு வேண்டாம்.

சமையலறைக்கு நுணுக்கமாக ஒப்பிட்டு நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். தாளிப்புப் புகையில் எல்லா லேசான நிறமும் இரண்டு வருஷத்தில் ஒரே நிறத்துக்கு வந்துவிடும், அங்கே கழுவ முடிகிற பெயிண்டா என்பதுதான் கேள்வி.

பளபளப்பு

ஒரே கோடு எண்ணைப் பளபளப்பில்லாத மேட் வகையிலும் ஷீனிலும் அடித்தால் இரண்டு நிறம் மாதிரி இருக்கும். மேட் வெளிச்சத்தைச் சிதறவிடுவதால் வெளிறி, மென்மையாகத் தெரியும். ஷீனில் நேர்ப் பார்வையில் அழுத்தமாகவும், ஜன்னல் வெளிச்சம் பட்டுத் திரும்பும் இடத்தில் வெள்ளையாகவும் தெரியும். பட்டி வேலை சுத்தமாக இல்லாத சுவரில் ஷீன் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் காட்டிக்கொடுக்கும். ஒப்பிடும் எல்லாச் சாம்பிளும் ஒரே அளவு பளபளப்பில் இருக்கட்டும்.

முடிவு எடுத்தபின் வாங்குவது

புது சிமெண்ட் பூச்சு என்றால் ஒரு மாதமாவது காய்ந்திருக்க வேண்டும், ஈரமும் சிமெண்டின் காரத்தன்மையும் இருக்கும் சுவரில் எந்த நிறமும் திட்டுத் திட்டாக மாறும்.

அளவு கணக்கு சுலபம். பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம் என்றால் நாலு சுவரும் சேர்ந்து 440 சதுர அடி. கதவு, ஜன்னலைக் கழித்தால் ஏறக்குறைய 400. டின்னில் லிட்டருக்கு எவ்வளவு பரப்பு என்று போட்டிருக்கும், இரண்டு கோட்டுக்கு 120 சதுர அடி என்று வைத்துக்கொண்டால் மூன்றரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வரும், நாலு லிட்டர் வாங்கலாம். ஒரு அறைக்கான மொத்தப் பெயிண்டையும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே பேஸில் (நிறம் கலக்கும் முன் இருக்கும் அடிப்படைப் பெயிண்ட்) மெஷினில் கலக்கி வாங்குங்கள். லேசான நிறங்களுக்கு மெஷின் விடும் கலர் சில துளிதான், சின்ன டின்னில் ஒரு துளி கூடினாலும் குறைந்தாலும் தெரியும். இரண்டு மூன்று டின் வாங்கினால் எல்லாவற்றையும் ஒரு பெரிய பக்கெட்டில் ஊற்றி ஒன்றாகக் கலக்கிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். பெயிண்டருக்குச் சோம்பலாக இருந்தால் "அண்ணா, கலந்துட்டே ஆரம்பிச்சிடலாம்ணா" என்று பக்கத்தில் நின்று சொல்லிவிடுங்கள், ஒரு சுவரின் நடுவில் டின் மாறும் கோடு தெரிந்தால் பிறகு எதுவும் செய்ய முடியாது.

ஒரு கம்பெனியின் கோடு எண்ணைக் காட்டி இன்னொரு கம்பெனி மெஷினில் "அதே மாதிரி" போட்டுத் தருகிறேன் என்றால் சம்மதிக்காதீர்கள். நீங்கள் இத்தனை நாள் பார்த்துப் பார்த்துப் பிரித்த வித்தியாசம் அந்த "மாதிரி"யில் கரைந்துவிடும், கடை லைட்டில் ஒன்றாகத் தெரிந்தது வீட்டு லைட்டில் பிரியும். பெயிண்ட் கம்பெனிகளுக்கு நம் பக்கத்தில் ஆள் பஞ்சம் இல்லை, ஓசூரில் நெரோலாக் தொழிற்சாலையே இருக்கிறது, தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் மூன்றிலும் எல்லாப் பெரிய கம்பெனிக்கும் கலக்கும் மெஷின் வைத்த கடைகள் உண்டு. சாம்பிள் எந்தக் கம்பெனியோ அதையே தேடிப் போய் வாங்கலாம்.

டின்னைத் திறந்ததும் முதலில் உங்கள் சார்ட் அட்டையின் ஓரத்தில் ஒரு விரலகலம் தடவிக் காயவிட்டுப் பாருங்கள். சாம்பிளோடு கலந்து மறைந்துவிட்டால் சுவருக்குப் போகலாம். கோடு தெரிந்தால் டின்னை மூடி, பில்லோடு கடைக்குத் திருப்பி எடுத்துப் போங்கள், சுவரில் ஏற்றியபின் யாரும் மாற்றித் தர மாட்டார்கள்.

வேலை முடிந்ததும் கம்பெனி, பெயிண்ட் வகை, பேஸ், கோடு எண், ஷீன், அறை, தேதி எல்லாவற்றையும் ஒரு அட்டையில் எழுதி ஸ்விட்ச் போர்டு மூடிக்குப் பின்னாலோ மீட்டர் பெட்டி உள்ளேயோ ஒட்டிவிடுங்கள், டின் லேபிளை மொபைலில் படம் எடுத்தும் வையுங்கள். அரை லிட்டராவது மிச்சம் வைத்து, இறுக்கமாக மூடும் சின்ன டப்பாவில் விளிம்பு வரை நிரப்பி, வெயில் படாத இடத்தில் வைத்தால் சோபா உரசிய இடத்தையும் ஆணி எடுத்த ஓட்டையையும் பிறகு தொட்டு அடிக்க அது உதவும்.